மைக் அண்ணனின் மரக்கூண்டு

மைக்கை மைக் அண்ணன் தட்டிப் பார்க்க மாட்டார். தட்டுவது முரட்டுத்தனம் என்பது அவர் கட்சி. சுட்டுவிரல் நகத்தால் அதன் வலையை இலேசாகச் சுரண்டிவிட்டு, கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, குழந்தையின் மார்பில் காது வைத்த வைத்தியரைப் போல ஒரு நொடி நிற்பார். பிறகு தீர்ப்பு வரும்: "ம்... இன்னிக்குத் தொண்டை கட்டியிருக்கு." கட்டியிருப்பது மைக்கின் தொண்டை.

சபை மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி, ஒரு படி உயரத்தில், இடுப்பளவு மரத்தடுப்புக்குள் அவருடைய இடம் இருந்தது. எல்லாரும் அதைக் கூண்டு என்றுதான் சொல்வார்கள். உள்ளே ஒரு சுழல் நாற்காலி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர், அதற்கு மனைவி தைத்துக் கொடுத்த சிவப்பு வெல்வெட் உறை. உறையை அவர் கழற்றுகிற பக்குவத்தைப் பார்க்க வேண்டும்: நான்கு முனையையும் ஒன்றாகத் தூக்கி, வெளியே கொண்டுபோய் உதறி, மடித்து, மடியில் வைத்துக்கொள்வார். பழைய ஷேவிங் பிரஷ் ஒன்றால் குமிழ்களின் இடுக்கில் தூசி தட்டுவார். குமிழ்களுக்குக் கீழே ஒட்டுத்தாள்களில் 'போதகர்', 'பாடகர் இடது', 'பாடகர் வலது' என்று அவர் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் 'கை வைக்காதீர்'.

தடுப்புக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். குழந்தைகள் அந்தத் திசையில் ஓடினால் தாய்மார்கள் பதறியடித்துக்கொண்டு இழுப்பார்கள். "அங்க போகாதடா, அண்ணன் கத்துவாரு!" போதகர் ஏதாவது கேட்க வேண்டுமென்றாலும் தடுப்புக்கு வெளியே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கேட்பார்.

மனிதர் கெட்டவரில்லை. ஒரு கைம்மாறும் எதிர்பார்க்காமல் வருடக்கணக்காகச் செய்த வேலை அது. காய்ச்சலோடு வந்திருக்கிறார், கொட்டும் மழையில் ஒயரைச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வாரநாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில் அவர் பிழைப்பு. அங்கும் காதுதான் கருவி. ஸ்குரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, "பேரிங் முனகுது, இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்பார். தாங்கும். லிஃப்டில் ஏறியவர்கள் எல்லாரும் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கூரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நிற்பார். காதில் அடைப்பான் போட்டுக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார். "காதை மூடிக்கிட்டா நான் எதுக்கு? பேசாம லிஃப்டையே மூடிடலாம்."

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் மனைவி கேட்பார்: "இன்னிக்குப் பிரசங்கம் எப்படி?"

"நல்லா இருந்துச்சு. நடுவுல கொஞ்சம் மூக்கடைச்ச மாதிரி."

"என்ன சொன்னாரு?"

"அதான் சொல்றேனே, மூக்கடைச்ச மாதிரி."

மனைவி மருந்துக்கடையில் வேலை செய்பவர். பாடகர் குழுவில் வலது ஓரம் நிற்பவர். இந்த மனிதரின் காதுக்கு ஒலி எட்டும், சொல் எட்டாது என்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஜெபவேளையில் சபை முழுவதும் கண்ணை மூடும். மைக் அண்ணன் மூட மாட்டார். ஒலியளவு காட்டும் பச்சை விளக்குகள் சிவப்பைத் தொட்டுவிடாமல் யார் பார்ப்பது?

அவருடைய ஒரே மகளின் கல்யாணப் படங்களில் பெண்ணின் தகப்பனைத் தேடினால், கடைசி வரிசைத் தலைகளுக்கும் பின்னால் ஹெட்போன் மாட்டிய ஒரு வழுக்கை தெரியும். பெண்ணைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு வந்தவர் தாய்மாமன். அந்த மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவர்; நிதானமான ஆள். பெண்ணை முன்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவர் நேரே பின்னால் வந்தார். தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே நுழைந்து, "அத்தான், நீங்க போய்ப் பக்கத்துல நில்லுங்க. இத நான் பாத்துக்கறேன்" என்று ஒரு குமிழின் மேல் கையை வைத்தார்.

"கையை எடு! உனக்கு என்ன தெரியும்?"

அறிவிப்புக்கென்று கூண்டுக்குள் இருந்த மைக் திறந்திருந்தது. 'கையை எடு' மண்டபத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் கணீரென்று கேட்டது. அங்கே முன்னால் மணமகன் வெடுக்கென்று பெண்ணின் கையை விட்டுவிட்டார்.

சபை சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. அன்று வெளியே போனவர், அதன்பிறகு அத்தானோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அக்கா வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், "அக்கா, அந்தப் பக்கம் இருக்கிற உப்பை இங்க தரச் சொல்லு" என்பார். அந்தப் பக்கம் இருப்பவர் உப்பை நகர்த்துவார். அவ்வளவுதான் உறவு.

அதற்கடுத்த வருடத்தில் ஒலிபெருக்கிகள் மங்க ஆரம்பித்தன. அப்படித்தான் மைக் அண்ணனுக்குத் தோன்றியது. போதகரின் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. 'ச'வும் 'ஸ'வும் காதுக்கு வருமுன்பே எங்கோ உதிர்ந்துவிட்டன. ஒலிபெருக்கிகளைக் கழற்றித் துடைத்தார், ஒயரை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஏற்றியதும் திருப்தி. "இப்பதான் பளிச்சுன்னு இருக்கு."

மனைவி ஒருமுறை, "கொஞ்சம் குத்தற மாதிரி இருக்குங்க" என்றார்.

"வெறும் வயித்தோட பாட வந்தா எல்லாம் குத்தும்."

இன்னொரு முறை பாடகர் குழுத் தலைவி தடுப்புக்கு வெளியே நின்று, "அண்ணே, சத்தம் கொஞ்சம்..." என்று தொடங்கினார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார். "...சத்தம் கொஞ்சம் நல்லாவே இருக்கு" என்று முடித்துக்கொண்டு போனார்.

இந்த நிலைமையில்தான் போதகர் ஒரு தொடர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். இக்காலத்து விக்கிரகங்களைப் பற்றியது. கையில் இருக்கும் போன், பிள்ளைகளின் மதிப்பெண், வீட்டு முகப்பு, நாலு பேர் சொல்லும் நல்ல பெயர் என்று வாரம் ஒன்றாக எடுத்துக்கொண்டார். மைக் அண்ணன் எல்லாவற்றையும் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, இருமலை நீக்கி, சபையாரின் போனுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். கட்டடக் காவலாளிகளுக்குக்கூட அனுப்பினார். "அவசியம் கேளுங்க, அருமையா வந்திருக்கு." எது அருமை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திணறியிருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முந்தைய நீண்ட ஜெபத்தின்போது, இடப்பக்க ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு சத்தம். ஒயர் இணைப்பில் கோளாறு. இணைப்பு ஆறாவது பெஞ்சுக்கு அடியில். எல்லாரும் கண்மூடி இருக்கும் நேரம்தான் இதற்கு வசதி. மைக் அண்ணன் கூண்டிலிருந்து இறங்கி, குனிந்து, பூனை மாதிரி ஓரமாகப் போனார். இணைப்பை அழுத்திவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில், பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற தபால்காரரின் காது பட்டது. காதில் பஞ்சு.

பாவம், காதுவலி என்று நினைத்தார். அடுத்து தபால்காரரின் மனைவி. அவர் காதிலும் பஞ்சு. குடும்பத்தோடு காதுவலியா? முன்வரிசையைப் பார்த்தார். பேக்கரிக்காரர், பஞ்சு. அவருடைய இரண்டு மகள்கள், பஞ்சு. ஒரு தாய் கைக்குழந்தையின் இரண்டு காதையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். வரிசை வரிசையாக, பஞ்சுக்காடு வெடித்ததுபோல வெள்ளை வெள்ளையாக. மெல்லத் தலையைத் திருப்பிப் பாடகர் குழுவைப் பார்த்தார். வலது ஓரத்தில், காதோரம் இழுத்துவிட்ட கூந்தலுக்கு அடியில், அவருடைய மனைவியின் காதிலும் ஒரு சிறு வெள்ளை.

சபையில் ஒரே ஒருவர் பஞ்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கச் சுவரோரம், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒலிபெருக்கி கீச்சிடும்போதெல்லாம் ஒரு கண் துடிக்க, மச்சான்.

மைக் அண்ணன் கூண்டுக்குத் திரும்பிக் குமிழ்களின் முன்னால் உட்கார்ந்தார். எந்தக் குமிழைத் தொடுவது? காது சொல்வதைத்தானே இத்தனை நாள் கேட்டார். அந்தக் காதை இப்போது எப்படி நம்புவது? ட்ரெபிள் குமிழைக் கண்ணாலேயே அளந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் போதகரின் குரல் மறுபடி கம்பளிக்குள் போய்விட்டது. ஆனால் மண்டபத்தில் தோள்கள் தளர்ந்தன. சுருங்கியிருந்த முகங்கள் நிமிர்ந்தன. ஒவ்வொருவராகக் காதுக்குக் கை கொண்டுபோவதும், பஞ்சை உருட்டிச் சட்டைப் பையில் போடுவதும் அவருக்கு அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

கம்பளிக்குள்ளிருந்து வந்த குரலைப் பிடிக்க அவர் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. அப்படிக் கேட்டதால், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு சொல் கேட்டது.

"விக்கிரகம்னா கெட்ட பொருளா இருக்கணும்னு இல்ல," என்றார் போதகர். "ஆண்டவருக்குன்னு செய்யுற ஊழியமாக்கூட இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். யாராவது அதுமேல கை வைக்க வந்தா உங்க முகம் எப்படி மாறுதுன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க."

மைக் அண்ணனின் கண்ணெதிரே கொட்டை எழுத்தில் இரண்டு சொற்கள் இருந்தன.

அன்று மதியச் சாப்பாட்டில் மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவர்தான் ஆரம்பித்தார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேனே. வெறும் வயிறுன்னீங்க."

"மறுபடி சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க முகத்தைப் பாத்தா பயமா இருந்துச்சுங்க."

அவர் சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பஞ்சு. எங்கேருந்து வந்துச்சு?" என்றார்.

மனைவி தண்ணீர்க் குவளையைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார். "எங்க கடைப் பஞ்சுதான். நல்ல பஞ்சு. ரோலாவே வாங்கிட்டுப் போனேன்."

"நீயா விநியோகம்?"

"வாசல்ல வச்சுக் கொடுத்தேன். எத்தனை பேர் சபையை மாத்திக்கிறதாப் பேசிக்கிட்டாங்க தெரியுமா? உங்களை வேலையை விட்டு எடுங்கன்னு போதகர்கிட்டப் போறதா இருந்தாங்க. நான்தான் கொஞ்ச நாள் பொறுங்கன்னு ஆளுக்குக் கொஞ்சம் பிச்சுக் கொடுத்தேன்."

கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

காது மருத்துவர் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். மைக் அண்ணன் சில சத்தங்களுக்கு அழுத்தினார். பிறகு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே மனைவி, இதோ கேட்குதே, இதோ கேட்குதே என்பதுபோலப் புருவத்தை உயர்த்திக்கொண்டே இருந்தார். மோட்டார் அறைகள் மேல்ஸ்தாயியை முழுக்கத் தின்றுவிட்டன என்றார் மருத்துவர். கனத்த சத்தமெல்லாம் கேட்கும். அதனால்தான் வேலையில் தெரியவில்லை. "மோட்டார் கேக்கும். குருவி கேக்காது."

"குருவியெல்லாம் ஊரை விட்டுப் போயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்," என்றார் மைக் அண்ணன்.

கூண்டை உடனே விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய். காதுக்குக் கருவி மாட்டிக்கொண்டு சமாளிக்கலாம் என்று பார்த்தார். குமிழ்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணை நம்பி ஓட்டலாம் என்று பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் தனியாகப் போய், கூண்டுக்குள் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, பெருக்க வந்த அம்மாள் துடைப்பத்தைத் தடுப்புக்குள் நீட்டினார். "அங்க வேணாம்மா!" என்று பாய்ந்தார். அம்மாள் இரண்டடி பின்வாங்கினார். அந்த முகத்தைப் பார்த்ததும் மைக் அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தார். "இல்லம்மா, நீங்க பெருக்குங்க" என்று எழுந்து, தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, நேராக மச்சானின் ஓட்டுநர் பள்ளிக்குப் போனார்.

மச்சான் கடைசி மாணவரை இறக்கிவிட்டு, கற்றுக்கொடுப்பவரின் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மைக் அண்ணன் கதவைத் திறந்து ஸ்டீயரிங் பக்கம் ஏறிக்கொண்டார்.

"எல்லார் காதுலயும் பஞ்சு இருந்துச்சு. உன் காதுல இல்ல."

மச்சான் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டார். நேரடியாகப் பேசி ரொம்ப நாளாகிவிட்டது அல்லவா. "வச்சா உங்களைக் கேலி பண்ற மாதிரி ஆயிடும்."

"நீதான் என்கூடப் பேசறதே இல்லையே."

"கோவம் வேற, கேலி வேற அத்தான்."

மைக் அண்ணன் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் தடவினார். "அன்னிக்கு அவ கையைப் பிடிச்சு நடத்திட்டு வந்தியே. எப்படி இருந்துச்சு?"

"கை சில்லுன்னு இருந்துச்சு. பாதி தூரத்துல நின்னு, திரும்பி உங்க கூண்டைப் பாத்துச்சு புள்ள."

"நான் பாக்கல."

"தெரியும். லைட்டைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

தெருவில் ஒரு பேருந்து போனது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து மைக் அண்ணன் சொன்னார்: "மன்னிச்சுக்க மச்சான். நாளைலேருந்து நீ பாத்துக்க அதை."

"எனக்கு என்ன தெரியும்?"

கல்யாணத்தன்று அவர் சொன்ன அதே வார்த்தை. மச்சான் வேண்டுமென்றே சொன்னாரா என்று மைக் அண்ணன் திரும்பிப் பார்த்தார். மச்சானின் மீசைக்கு அடியில் சிரிப்பு ஒளிந்துகொண்டிருந்தது.

"கத்துத் தரேன். ஆனா பக்கத்துல உக்காந்தா கை பரபரக்கும் எனக்கு."

"அதுக்கு வழி இருக்கு," என்று மச்சான் காலால் தட்டிக் காட்டினார். அவர் பக்கத்தில் இன்னொரு பிரேக் இருந்தது. "இருவது வருசமா அடுத்தவன் ஓட்டறதைப் பாத்துக்கிட்டுக் கையை மடியில வச்சிருக்கிற ஆளு நான். முதல் மாசம்தான் கஷ்டம். தொடைக்கு அடியில கையை வச்சு உக்காந்துக்கங்க."

அப்படியே செய்தார். இரண்டு ஞாயிறு கூண்டுக்குள் மச்சானுக்குப் பக்கத்தில், தொடைக்கு அடியில் கை வைத்து உட்கார்ந்தார். மூன்றாம் ஞாயிறு சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. கைதான் மரத்துப்போயிருந்தது. படியிறங்கிப் பெஞ்சுகளைப் பார்த்தார். அவருக்கென்று அங்கே ஓர் இடம் கிடையாது. எங்கே உட்காருவது என்றும் தெரியவில்லை. தபால்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

முதல் தடவை ஜெபத்தில் கண்ணை மூடியவர் நன்றாகத் தூங்கிவிட்டார். தபால்காரர் முழங்கையால் இடித்து எழுப்ப, சத்தமாக "ஆமென்" என்றார். ஜெபம் பாதியில்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் தூங்கியதே இல்லை என்று வீட்டில் சொன்னார்.

அன்று மாலை மகளுக்குப் போன் செய்தார்.

"என்னப்பா, திடீர்னு?"

"ஒண்ணுமில்ல. உன் குரலைக் கேக்கலாம்னு."

"எப்படி இருக்கு? தொண்டை கட்டியிருக்கா?"

"கொஞ்சம் மங்கலாத்தான் கேக்குது. பரவால்ல, நீ பேசு."

அவள் ஒரு மணி நேரம் பேசினாள். அவர் ஒரு தடவைகூடப் போனைத் திருப்பி ஒலியைச் சரிசெய்யவில்லை.

மச்சான் கையில் ஒலி சுமார்தான். சில வாரம் பிரசங்கத்தின் முதல் வரி யாருக்கும் கேட்பதில்லை. கூண்டின் கதவு திறந்தே கிடக்கிறது. பேக்கரிக்காரரின் மூத்த மகள் போய் நின்று கற்றுக்கொள்கிறாள். யாராவது வந்து, "அண்ணே, நீங்க இருந்தப்ப இப்படியா?" என்று தூண்டில் போட்டால், "நான் இருந்தப்பப் பஞ்சுல்ல வச்சிருந்தீங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பைகளை அடுக்கப் போய்விடுகிறார். இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டில் பிரசங்கத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிக்கிறார். மனைவிதான், "நானும் அங்கதாங்க இருந்தேன்" என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு ஒரு காரியம் நடந்தது. இத்தனை வருடம் எல்லாருடைய பாட்டையும் ஏற்றி இறக்கியவருக்கு ஒரு பாட்டுகூட முழுதாகத் தெரியாது. புதிதாக வாங்கிய பாட்டுப் புத்தகத்தில், தபால்காரர் எடுத்த பக்கத்தையே பார்த்துத் திறந்து, எழுந்து நின்று, முதல் தடவையாக வாயைத் திறந்து பாடினார். ராகம் ஒரு பக்கம் போக, அவர் இன்னொரு பக்கம் போனார். குரலோ லிஃப்ட் மோட்டார். முன்வரிசையில் நாலைந்து தலைகள் சட்டென்று திரும்பின. பாடகர் வரிசையில் அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பிய தலைகளுக்கு மைக் அண்ணன் நன்றி சொல்வதுபோலத் தலையசைத்தார். விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு, அடுத்த அடியை இன்னும் உரக்கப் பாடினார்.